நனையாத விரிப்பு

டாக்டர், அந்தப் பெரியவரைத் தண்ணீர் கொடுக்காமல் காயப்போட்டது உங்கள் வார்டு ஆயா. காயப்போட்டதற்கு சபாஷ் சொன்னது நீங்கள். இதை மெதுவாகச் சொல்ல வழி இருந்தால் எனக்குத் தெரியவில்லை. முத்தியால்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவன் நான். பேசினால் பட்டென்றுதான் பேசுவேன்.

உங்கள் பெயரை எழுதவில்லை. உங்கள் நர்சிங் ஹோம் எந்தத் தெருவில் இருக்கிறது என்றும் எழுதவில்லை. அவள் பெயரையும் எழுதப் போவதில்லை. படிக்கும்போது உங்களுக்கும் அவளுக்கும் தெரிந்தால் போதும்.

இத்தனை வருஷம் கழித்து ஏன் எழுதுகிறேன் என்றால், நீங்கள் ஒரு பயிற்சி வகுப்பு ஆரம்பிக்கப் போகிறீர்களாம். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளச் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து பெண்பிள்ளைகளைச் சேர்க்கிறீர்களாம். குளிப்பாட்டுவது, பல் தேய்த்துவிடுவது, சோறு ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, மலம் மூத்திரம் எடுப்பது எல்லாம் சொல்லித் தரப் போவது அவள்தானாம். அந்தப் பிள்ளைகள் சேருவதற்கு முன்னால் அவள் யாரென்று தெரிந்துகொள்ளட்டும்.

ரெட்டியார்பாளையம் தாண்டி விழுப்புரம் ரோட்டில் ஒரு லாரி என்னை இடித்துத் தள்ளியதில் தொடை எலும்பு முறிந்து உங்களிடம் வந்து சேர்ந்தேன். காலில் எடையைக் கட்டித் தொங்கவிட்டு ஆண்கள் வார்டில் போட்டீர்கள். எழ முடியாது, திரும்ப முடியாது. கண்ணும் வாயும் மட்டும் வேலை செய்தன. அதனால் அவளை எனக்குத் தெரிந்த அளவு உங்களுக்குக்கூடத் தெரியாது.

காலையில் வார்டுக்குள் வரும்போதே பவுடர் வாசனை அவளுக்கு முன்னால் வரும். இளநீலக் கோட்டு, இஸ்திரி கலையாது. ஆள் ஒல்லி. கை மட்டும் அகலம். எந்தக் கட்டிலுக்கு வந்தாலும் படுத்திருப்பவன் முகத்தை முதலில் பார்க்கமாட்டாள். அந்த அகலமான கை நேராக அவன் இடுப்புக்குக் கீழே போகும். விரிப்பைத் தடவும். ரொட்டிக் கடையில் மாவைத் தொட்டுப் பார்ப்பது போலத் தொட்டுப் பார்ப்பாள்.

"காஞ்சி இருக்கு. நல்ல புள்ள."

இதுதான் அவள் காலை வணக்கம். அறுபது வயது ஆளுக்கும் அதுதான், எழுபது வயது ஆளுக்கும் அதுதான். ஈரமாக இருந்துவிட்டால் வேறு பேச்சு.

"இன்னா நைனா, ராத்திரி வாய்க்கா வெட்டிவுட்டியா? இதுல நான் நாத்து நடவா?"

வார்டு சிரிக்கும். நனைத்தவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான்.

அவளை ஆயா என்று கூப்பிட்டால் திரும்பமாட்டாள். "ஆயாவா? ஒங்க ஆயா ஊட்ல குந்திகினு இருக்கும், அங்க போயி கூப்புடு" என்பாள். சிஸ்டர் என்று சொல்ல வேண்டும். உண்மையான நர்ஸ்கள் வந்தால் ஒதுங்கி நிற்பாள். அவர்கள் போனதும் மறுபடி சிஸ்டர் ஆகிவிடுவாள்.

வேலை தெரியாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். தொங்குகிற என் கால் ஒரு துளி அசையாமல் எனக்கு அடியில் விரிப்பை மாற்றுவாள். பழையதைச் சுருட்டிக்கொண்டே புதியதை விரித்து, ஒரு பக்கம் தூக்கி, மறு பக்கம் இழுத்து, நான் பல்லைக் கடிப்பதற்குள் முடித்துவிடுவாள். முகம் மழித்துவிட்டால் ஒரு கீறல் இருக்காது. நகம் வெட்டுவாள், தலை வாருவாள், முதுகில் பவுடர் போட்டுத் தேய்ப்பாள். அவள் கையால் பராமரிக்கப்பட்டவன் நான். அந்தக் கை தொட்ட இடத்தை நினைத்தால் இன்றைக்கும் தேய்த்துக் குளிக்கத் தோன்றுகிறது.

ஒரு காரியம் மட்டும் அவள் செய்யவேமாட்டாள். தண்ணீர் கொடுக்கமாட்டாள்.

மாத்திரை விழுங்குவதற்குப் பாட்டில் மூடியில் ஊற்றித் தருவாள். மூடியில்! மறுபடி கேட்டால், "எறங்கிடுச்சில்ல? அப்புறம் இன்னா?" என்பாள். சாப்பாட்டில் ரசத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாதத்தைக் கெட்டியாகப் பிசைந்து உருட்டித் திணிப்பாள். காபி வந்தால் பாதி டம்ளர் சிங்க்கில் போகும். துணைக்கு ஆள் இருக்கிறவர்களிடம் இந்தச் சட்டம் நடக்காது. எனக்கு என் மனைவி இருந்தாள். எதிர்க் கட்டிலில் இருந்த மீனவருக்கு அவர் குடும்பமே இருந்தது. ஒருத்தர் போனால் இன்னொருத்தர் சொம்போடு வருவார்கள். யாருமில்லாதவர்களுக்குத்தான் அவள் சட்டம்.

என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு யாருமில்லை.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுதும் போய்விட்டது. மனைவி இறந்துவிட்டார், ஒரே மகள் பிரான்சில். வார்டில் எல்லோரும் அவரை முசியே என்று கூப்பிட்டார்கள். நல்ல உயரம். கட்டிலுக்கு வெளியே பாதம் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கவாதம் அவர் வாயிலிருந்த தமிழை வழித்தெடுத்துக்கொண்டு போய்விட்டது. நாம் பேசினால் கேட்டுக்கொள்வார், பதில் வராது. வந்ததெல்லாம் குழறலாக இரண்டொரு பிரெஞ்சு வார்த்தை. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முசியே, மதாம், மெர்சி: ஐயா, அம்மா, நன்றி. அதற்கு மேல் என்னிடம் சரக்கில்லை.

அவர் உதட்டைச் சொல்ல வேண்டும். வெடித்து, தோல் உரிந்து, உரிந்த தோல் ஓரத்தில் சுருண்டிருக்கும். நாக்கில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசின மாதிரி இருக்கும். வாயைத் திறந்தால் மேலண்ணத்தில் நாக்கு ஒட்டிப் பிரிகிற சத்தம் எனக்குக் கேட்கும். கிட்டத்தில் ஒரு நாற்றம் வரும். செத்த எலி நாற்றம். அவள் அந்த உதட்டின் மேல் வாசலினைப் பூசிவிடுவாள். உள்ளே காய்ந்து கிடக்கும், வெளியே பளபளக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோவில் வருவாள். அன்றைக்கு மட்டும் அவருக்குத் தலை வாரி, புதுச் சட்டை மாட்டி, டயபர் கட்டி, ஒரு முழு டம்ளர் தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று குடிக்க வைப்பாள். அவர் இடது கையால் டம்ளரை விடாமல் பிடித்துக்கொள்வார். தொண்டை ஏறி இறங்கும். அப்புறம் போனைத் தூக்கிப் பிடிப்பாள்.

"பாருங்கம்மா, அப்பா எப்டி மினுமினுன்னு இருக்காரு! ஒரு புண்ணு கெடையாது. நான் பெத்த புள்ள மாரி பாத்துக்கறேன்."

மகள் அழுவாள். "மெர்சி சிஸ்டர், மெர்சி" என்பாள். பெரியவர் வயிறு குளிர்ந்த களைப்பில் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் இந்த உபசாரம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மற்ற நாட்களில் அவர் ஒன்று சொல்லிக்கொண்டே இருப்பார். இடது கையை நீட்டி, வாயைக் கோணலாகத் திறந்து, "தெலோ... தெலோ..." என்பார்.

முதல் தடவை அவள் துள்ளிக் குதித்தாள். "தேளா? எங்க முசியே தேளு?" விரிப்பை உதறினாள், தலையணையைத் தூக்கிப் பார்த்தாள், கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டு ஆட்டினாள். வார்டு முழுக்கக் கலகலத்தது. எதிர்க் கட்டில் மீனவர், "ஏ சிஸ்டரு, பட்டாளத்துல தேளு கொட்டியிருக்கும் போல, இப்பத்தான் கடுக்குது!" என்றார். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். காலை ஆட்டாமல் சிரிப்பது கஷ்டமாக இருந்தது.

அதிலிருந்து அது தினசரி விளையாட்டு ஆனது. அவர் "தெலோ" என்றால் அவள், "தோ பாரு, மேல ஏறுது, மேல ஏறுது" என்று இரண்டு விரலால் அவர் மார்பில் நடந்து காட்டுவாள். அவர் தலையை இல்லை இல்லை என்று ஆட்டுவார். கண்ணோரத்தில் நீர் வரும். அதையும் துடைத்துவிடுவாள். டியூட்டி டாக்டரிடம், "சார், தேளு தேளுன்னு பயந்துக்கறாரு, தூங்க மாட்டன்றாரு" என்றாள். அந்தப் பையன் மாத்திரை எழுதினான். அது ஒரு மூடித் தண்ணீரில் இறங்கியது. முசியே பகலெல்லாம் தூங்கினார்.

என் மனைவிக்கு மட்டும் சந்தேகம். பெரிய மார்க்கெட்டில் காய்கறிக் கடை போட்டிருந்தவள், மூஞ்சியைப் பார்த்தே வாங்க வந்தவனா வேடிக்கை பார்க்க வந்தவனா என்று சொல்லிவிடுவாள். "தேளப் பாத்து பயந்தவரு கைய இஸ்துக்குவாரு. இவரு நீட்டறாரேங்க" என்றாள். ஒரு மத்தியானம் அந்த ஆயா இல்லாத நேரமாகப் பார்த்து, என் சொம்புத் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக அவருக்குக் கொடுத்தாள். அவர் ஸ்பூனைக் கடித்தார். விடமாட்டேன் என்று கடித்தார்.

சாயந்தரம் விரிப்பு நனைந்திருந்தது.

அவள் கை உள்ளே போனது. நின்றது. வெளியே வந்தது. முகம் அப்படியே கல்லாகிவிட்டது. அவரைப் புரட்டி விரிப்பை உருவினாள். பார்க்க வந்திருந்த பெண்கள், குழந்தைகள் எல்லோரும் இருந்தார்கள். வார்டு நடுவில் நின்று அந்த விரிப்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள்.

"பாருங்க. எல்லாரும் நல்லா பாருங்க. வெள்ளக்காரன் பட்டாளத்துல துப்பாக்கி புடிச்ச ஆளு. மேப்பு போட்டு வெச்சிருக்காரு பாருங்க. எந்த ஊரு மேப்பு முசியே இது? பிரான்சா?"

யாரும் சிரிக்கவில்லை. ஒரு குழந்தை மட்டும் சிரித்தது. பெரியவர் இடது கையால் வேட்டியைத் தேடினார். அவள் அதையும் உருவிவிட்டிருந்தாள். அந்த உயரமான மனிதர் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் டியூப் லைட்டுக்கு அடியில் கிடந்தார்.

"யாரு குடுத்தது தண்ணி?"

"நான்தான் குடுத்தேன். இப்ப இன்னாங்கற?" என்றாள் என் மனைவி.

"பொற ஏறி செத்தா நீ பதில் சொல்லுவியா? தண்ணி குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. தெரிஞ்சா பேசு, தெரியலன்னா ஒம் புருசனப் பாத்துக்கினு போ."

பக்கவாதம் வந்தவர்களுக்குச் சில சமயம் தண்ணீர் புரை ஏறும் என்பது உண்மைதான், எனக்கும் தெரியும். என் மனைவி பயந்து நிறுத்திவிட்டாள். அப்படி ஒரு உண்மையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொய் சொன்னவள் அந்த ஆயா.

அவளுடைய தேள் கதை அந்த வாரமே உடைந்தது. முசியேவோடு பட்டாளத்தில் இருந்த ஒருவரின் விதவை, கவுன் போட்ட வயதான மதாம், அவர் படுத்த படுக்கையாகக் கிடப்பதைக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார். கையில் ரொட்டி. அவர் முகத்தைப் பார்த்ததும் முசியே கையை நீட்டி, "தெலோ" என்றார். அவள் அங்கேதான் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "தோ, மதாமுக்கும் தேளு காட்றாரு!" என்று ஆரம்பித்தாள்.

மதாம் சிரிக்கவில்லை. "எந்தத் தேளு? தண்ணிடி! தண்ணி கேக்குறாரு மனுசன்!" என்று கத்தினார். பிரெஞ்சில் தண்ணீருக்கு அதுதான் வார்த்தையாம். இத்தனை நாளாக அந்த மனிதர் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டிருக்கிறார். நாங்கள் கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மதாம் என் சொம்பைப் பிடுங்கிக்கொண்டு போனார். ஆத்திரத்தில் அவளைப் பார்த்துப் பிரெஞ்சிலேயே மளமளவென்று கொட்டினார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் பதறிப்போய்க் கையைக் குறுக்கே நீட்டி, "பா த்ரோ மதாம், பா த்ரோ!" என்றாள்.

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

மதாம் சொம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "நெறைய வேணாம், நெறைய வேணாம்ங்குறா. இவளுக்கு பாஷ தெரியுது." அப்புறம் அவளிடம், "எங்க கத்துக்கின?"

"சின்ன வயசுல ஒரு மதாம் ஊட்ல வேல செஞ்சேன்" என்றாள். தரையைப் பார்த்துச் சொன்னாள்.

அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை டம்ளர் எனக்கு விளங்கியது. மகளுக்குப் பிரெஞ்சு தெரியும். போனில் அப்பா "தெலோ" என்று சொன்னால் மகள் ஒரு நொடியில் பிடித்துவிடுவாள். அதனால் முன்னாலேயே வாயை நிரப்பி அனுப்பினாள். தேளைத் தேடிய நாட்களிலெல்லாம் அவளுக்குத் தெரியும். தலையணையைத் தூக்கிப் பார்த்தபோதும் தெரியும். மார்பில் விரலால் நடந்தபோதும் தெரியும்.

மறுநாள் என் விரிப்பை மாற்ற வந்தபோது கேட்டேன். "மனுசியா நீ?"

அவள் கை நிற்கவில்லை. சுருட்டிக்கொண்டே பேசினாள். "சார், இந்த வார்டுக்கு நான் ஒருத்தி. மேல் மாடி பொம்பள வார்டுக்கும் நான்தான். தண்ணி ஊத்துனா ஊத்துன எடத்துலேயே நிக்குமா? வெளிய வரும். வந்தா மாத்தணும். மாத்தறதுக்குள்ள இன்னொருத்தன் போவான். ஈரத்துல கெடந்தா புண்ணு வரும், புண்ணுல புழு வைக்கும். ஒங்களுக்கு எங்கனா புண்ணு இருக்கா? அவருக்கு இருக்கா? காட்டுங்க பாக்கலாம். ஈரம் எனக்கு ஆவாது சார். அவ்ளோதான்."

இதில் பாதி நியாயம் என்றுதான் எனக்கு அருவருப்பு இன்னும் அதிகம். ஆள் போதவில்லை என்றால் உங்களிடம் வந்து கத்தியிருக்கலாம். கத்தவில்லை. வாய் இல்லாதவனாகப் பார்த்துத் தொண்டையை அடைத்தாள். அடைத்துவிட்டு விளையாட்டும் காட்டினாள்.

இப்போது உங்களிடம் வருகிறேன், டாக்டர். நீங்கள் ரவுண்ட்ஸ் வந்தபோது நான் எல்லோர் முன்னாலும் கேட்டேன். "டாக்டர், முசியேவுக்குத் தண்ணி குடுக்கலாமா?"

"தாராளமா குடுக்கலாமே. முழுங்கறதுல பிரச்சன இல்லன்னு அன்னிக்கே பாத்தாச்சு" என்றீர்கள்.

அவள் பக்கத்தில்தான் நின்றாள். நான் சொன்னேன், இந்தம்மா கொடுப்பதில்லை, மூடியில் ஊற்றித் தருகிறாள், தேள் என்று கதை கட்டி மாத்திரை கொடுக்க வைத்தாள் என்று. நீங்கள் கேட்டுக்கொண்டே முசியேவுக்கு அடியில் கையை விட்டீர்கள். உங்கள் கையும் முதலில் அங்கேதான் போனது. அவர் வாயைத் திறந்து பார்க்கவில்லை. விரிப்பைத் தடவினீர்கள். அவளைப் பார்த்து, "சபாஷ். சலவைக்குப் போற துணி பாதியா கொறஞ்சிருக்கு. வார்டுல ஒரு வாசன இல்ல பாரு" என்றீர்கள். என்னைப் பார்த்து, "நீங்க ரெஸ்ட் எடுங்க, டென்சன் ஆவாதீங்க" என்றீர்கள். அவ்வளவுதான். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டீர்கள்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது, அவளுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று. நீங்கள் எதைத் தொட்டுப் பார்த்தீர்களோ அதை அவள் சரியாக வைத்திருந்தாள். தொண்டையை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. அது அவள் கணக்கில் வரவில்லை.

மதாம் அதற்கப்புறம் வர ஆரம்பித்தார். என் மனைவியும் கொடுத்தாள். ஆனால் இருவரும் இல்லாத நேரம்தான் ஒரு நாளில் அதிகம். மகளுக்கு மதாம் போன் போட்டுச் சொன்னார். மகள் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தபோதே முசியேவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மூத்திரம் டீ டிக்காஷன் நிறத்தில் சொட்டியது, பிறகு அதுவும் நின்றது. கிட்னி போய்விட்டது என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் ஏற்றினார்கள். திரும்பி வரவில்லை. வேறு நோயால் செத்தார் என்று நீங்கள் சொல்லலாம். வயது ஆகிவிட்டது என்றும் சொல்லலாம். நான் டாக்டர் இல்லை. ஸ்பூனைக் கடித்த பல்லைப் பார்த்தவன்.

செய்தி வந்தபோது அவள் அந்தக் கட்டிலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். ரப்பர் ஷீட்டைத் துடைத்து, வெள்ளை விரிப்பை இழுத்துக் கட்டி, உள்ளங்கையால் ஒரு தடவை தடவினாள். "பாவம், கடைசி வரைக்கும் காஞ்சே இருந்தாரு. ஒரு தொந்தரவு இல்ல" என்றாள். அவள் கண்ணில் நிஜமாகவே நீர் இருந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அவள் அவரை வெறுக்கவே இல்லை.

இந்தக் கையைத்தான் பத்துப் பெண்பிள்ளைகளுக்கு ஒட்டவைக்கப் போகிறீர்கள். அவர்கள் ஊரிலிருந்து காலை பஸ்ஸில் வருவார்கள். மரியாதையாக சிஸ்டர் என்று கூப்பிடுவார்கள். விரிப்பு மாற்றக் கற்றுக்கொள்வார்கள், நன்றாகவே கற்றுக்கொள்வார்கள். பிறகு நம் வீடுகளுக்குத்தான் வருவார்கள். நாளைக்கு நீங்களும் நானும் பேச்சு வராமல் படுத்துக் கிடக்கும்போது நம் பக்கத்தில் நிற்பார்கள்.

டாக்டர், வகுப்பு தொடங்குகிற அன்றைக்கு நான் வருகிறேன். உள்ளே அறைக்குக் கூப்பிட்டு டீ கொடுத்துச் சமாதானம் பேச வேண்டாம். அந்தப் பிள்ளைகளும் அவர்களைக் கொண்டுவந்து விடுகிற பெற்றோர்களும் உட்கார்ந்திருக்க, மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள். முசியேவுக்குத் தண்ணீர் போகவில்லை என்று நான் சொன்ன பிறகும் நீங்கள் ஏன் அவர் வாயைத் திறந்து பார்க்கவில்லை? உங்களிடம் அதற்குப் பதில் இருந்தால் அங்கே சொல்லுங்கள். இல்லையென்றால் இல்லை என்று அங்கேயே சொல்லுங்கள். அதுவரை ஒரு பிள்ளையைக்கூட அவள் பக்கத்தில் நிறுத்தாதீர்கள்.